பெண்ணாடத்தில் விழுந்த கை

விருத்தாசலத்திலிருந்து திட்டக்குடி போகும் வழியில் இருக்கிறது பெண்ணாடம். ஊர்ப் பெயருக்குக் கோயிலில் ஒரு விளக்கம் சொல்வார்கள். தேவலோகப் பெண்கள், காமதேனு என்னும் பசு, வெள்ளை யானை ஆகிய மூவரும் வந்து வழிபட்ட இடம். பெண், ஆ, கடம் மூன்றும் சேர்ந்து பெண்ணாகடம். அது வாய்வழக்கில் தேய்ந்து பெண்ணாடம். பெண்ணும் மாடும் யானையும் ஒரே வரிசையில் நிற்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்கும் அதில் பெரிய புகார் கிடையாது. பெண்ணை முதலில் வைத்த ஊர்ப்பெயர்கள் நம்மிடம் கொஞ்சம்தான். என் புகார் இதே ஊரின் இன்னொரு கதையைப் பற்றியது.

அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவர் கலிக்கம்பர். பெண்ணாடத்து வணிகர். வருகிற சிவனடியார்களின் காலைக் கழுவி, சோறு போட்டு, வேண்டியதைக் கொடுத்து அனுப்புவது அவருடைய தொண்டு. கால் கழுவும்போது மனைவி கரகத்திலிருந்து நீர் வார்க்க வேண்டும், அவர் கழுவுவார். ஒரு நாள் வந்த அடியார் கூட்டத்தில் ஒருவன், முன்பு அந்த வீட்டில் ஏவல் செய்து, பிறகு வேலையை விட்டுப் போனவன். இப்போது திருநீறும் சடையுமாக வந்திருக்கிறான். கணவர் அவன் காலைப் பிடித்துவிட்டார். மனைவிக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. நம் வீட்டில் வேலை செய்தவன் அல்லவா என்று யோசித்தாள். கை தயங்கியது. நீர் வார்க்கச் சற்றுத் தாமதம். கலிக்கம்பர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். காரணம் புரிந்தது. வாளை எடுத்தார், கரகத்தை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார், அவள் கையை வெட்டினார். பிறகு தாமே நீர் வார்த்துக் காலைக் கழுவி, தாமே எல்லாம் செய்து, அடியாரைச் சாப்பிட வைத்தார்.

இவ்வளவுதான் கதை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த நாயனாருக்குப் போய்விடுகிறார். அவருக்கு முன்பே சுந்தரர் தம்முடைய திருத்தொண்டத்தொகையில் கலிக்கம்பரைக் குறிப்பிடும்போது, கை வெட்டியவர் என்பதைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறார். எத்தனை பேருக்குச் சோறு போட்டார் என்பது அவருடைய அடையாளம் ஆகவில்லை. வெட்டியதுதான் ஆயிற்று. தை மாதம் ரேவதி நட்சத்திரத்தில் அவருக்குக் குருபூசை நடக்கிறது. கையை இழந்தவளுக்கு நாள் கிடையாது, நட்சத்திரம் கிடையாது. பெயரும் கிடையாது.

சேக்கிழாரின் கதையை இரண்டு மூன்று முறை மெதுவாகப் படித்துப் பார்த்தேன். வெட்டுப்பட்டவள் அலறினாளா? தெரியாது. யார் துணி கட்டினார்கள்? தெரியாது. சோறு சமைத்தது யார்? கேட்கவே வேண்டாம். கால் நீட்டி நின்ற அந்தப் பழைய வேலைக்காரன் என்ன செய்தான்? அதுவும் இல்லை. ஒரு வீட்டின் கூடத்தில் ஒரு பெண்ணின் கை தரையில் விழுகிறது; அடுத்த காட்சியில் இலை போட்டுப் பரிமாறுகிறார்கள். இந்த வேகம் என்னைத் தொந்தரவு செய்கிறது. பக்தியின் வேகம் என்று சொற்பொழிவாளர்கள் சொல்வார்கள். நம் வீடுகளில் ஒரு அறை விழுந்த பிறகு எல்லாரும் சட்டென்று சாப்பாட்டுக்கு உட்காரும் வேகத்தை அறிந்தவர்களுக்கு இது வேறு மாதிரித் தெரியும்.

இந்தக் கதையைக் குறை சொன்னால் உடனே வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். முதல் பதில் கொஞ்சம் வலுவானது. அதற்கு மரியாதையாகவே பதில் சொல்ல வேண்டும். கலிக்கம்பர் வேலைக்காரனின் காலைக் கழுவியவர், எசமான் வேலையாள் என்ற வேற்றுமையை உடைத்தவர், அந்த அம்மாள்தான் மேட்டிமை காட்டினாள், எனவே உண்மையில் முற்போக்கானவர் அவர்தான் என்பார்கள். சரி. அவள் தயங்கியது தவறு என்றே வைத்துக்கொள்வோம். நான் அந்தத் தயக்கத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. வீட்டில் வேலை செய்தவன் விருந்தாளியாக வந்தால் முகம் சுளிக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள், நமக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். அவன் அந்த வீட்டில் ஏவல் செய்தபோது எசமான் யார்? கலிக்கம்பர்தானே. அவனை அவன் நிலையில் வைத்திருந்த வீட்டுக்குத் தலைவர் அவர். பாவத்துக்குப் பிராயச்சித்தம் தேவை என்றால் அவருடைய செல்வத்தில், அவருடைய அதிகாரத்தில் இருந்து அது போயிருக்க வேண்டும். இரண்டு ஆண்கள் சமமாவதற்கு ஒரு பெண்ணின் கை விலையாகிறது. எசமானும் வேலையாளும் அடியார்கள் ஆகிவிட்டார்கள். மனைவி மட்டும் உடைமையாகவே இருந்தாள். அதிலும், வெட்டப்பட்டது ஒரு கணத் தயக்கத்துக்காக. அவள் மறுக்கக்கூட இல்லை. ஒரு வார்த்தை பேசியதாகவும் இல்லை. முகத்தைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்துத் தண்டனை தந்துவிட்டார். முகம் சரியில்லை என்று அடிவாங்கிய பெண்கள் இந்த வரியில் தங்களைக் கண்டுகொள்வார்கள்.

அடுத்த பதில், இதெல்லாம் குறியீடு. கை என்பது ஆணவம், வாள் என்பது ஞானம். பெண்ணாடம் மெய்கண்டார் பிறந்த ஊர் ஆயிற்றே, சைவ சித்தாந்தத்தின் பிறந்தகத்தில் சொற்களை நேர்ப்பொருளில் எடுக்கலாமா என்பார்கள். நல்லது. குறியீடு என்றால் ஞான வாளைத் தன் கையில் வைத்து வெட்டிக்கொண்டிருக்கலாமே. ஆணவம் எப்போதும் பெண்டாட்டியின் மணிக்கட்டில்தான் குடியிருக்குமா?

இதைக் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. பெரியபுராணத்துக்குள்ளேயே இதற்கு அளவுகோல் இருக்கிறது. கண்ணப்பர் தம் கண்ணைத் தோண்டினார். மூர்த்தி நாயனார் சந்தனக் கட்டை கிடைக்காதபோது தம் முழங்கையைக் கல்லில் தேய்த்தார். கணம்புல்லர் விளக்கெரிக்கப் புல் போதாதபோது தம் தலைமுடியைக் கொளுத்தினார். அரிவாட்டாயர் தம் கழுத்தில் அரிவாளைப் பூட்டினார். இந்தத் தீவிரம் எனக்கு உவப்பானது இல்லை, ஆனால் இங்கே ஒரு நேர்மை இருக்கிறது: கொடுக்கிறவனும் இழக்கிறவனும் ஒரே ஆள்.

இன்னொரு வரிசையும் அதே நூலில் உண்டு. மானக்கஞ்சாறர், கல்யாணத்தன்று தம் மகளின் கூந்தலை அடியோடு அறுத்து ஒரு துறவிக்குக் கொடுத்தார். இயற்பகையார் தம் மனைவியையே, கேட்டவருக்குக் கொடுத்தார். திருவாரூர்க் கோயிலில் பல்லவ அரசி கீழே கிடந்த ஒரு பூவை எடுத்து முகர்ந்தாள். செருத்துணையார் அவள் மூக்கை அறுத்தார். விவரம் கேட்ட அவள் கணவர் கழற்சிங்கர், பூவை எடுத்த கையல்லவா முதலில் போயிருக்க வேண்டும் என்று கையை வெட்டினார். இருவரும் நாயன்மார்கள். ஒரே பெண்ணின் உடம்பிலிருந்து இரண்டு ஆண்கள் வீடுபேறு எடுத்துக்கொண்டார்கள். திருவொற்றியூர்க் கலியர் விளக்குக்கு எண்ணெய் வாங்கக் காசு இல்லாமல் போனபோது, மனைவியை விற்க ஊரெல்லாம் சுற்றினார். வாங்க ஆள் இல்லாததால்தான் தம் கழுத்தை அறுக்கப் போனார். கழுத்து இரண்டாவது யோசனை. தொண்டத்தொகையில் சுந்தரர் கலிக்கம்பரையும் இந்தக் கலியரையும் அடுத்தடுத்து நிறுத்தியிருப்பது தற்செயலாகத்தான் இருக்கும், எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

இரண்டு வரிசையையும் ஒரே சொல்லால், தியாகம் என்று அழைக்கிறோம். என் சண்டை அந்தச் சொல்லோடுதான். கண்ணப்பர் செய்தது தியாகம் என்றால் கலிக்கம்பர் செய்ததற்கு வேறு சொல் வேண்டும். பிறர் உடம்பைக் கொடுத்துப் பெறுகிற புகழுக்குத் தமிழில் சொல் இல்லாமலா போகும்?

இனிக் கை திரும்ப வந்துவிட்டது என்ற பதில். சேக்கிழார் அப்படிச் சொல்லவில்லை. ஊர் சொல்லும் தலக்கதையில்தான் சிவன் அவளுக்குக் கையைத் திருப்பித் தருகிறார். இந்தச் சேர்க்கை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நூலில் இல்லாததை ஊர் ஏன் சேர்த்தது? கேட்டுக்கொண்டிருந்த யாருக்கோ பொறுக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ ஒருத்தி, அப்புறம் அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்விக்கு ஊர் தந்த பதில் அது. ஆனால் பதில் பாதிதான். கை வந்தது, பெயர் வரவில்லை. வெட்டியவரிடம் கடவுள் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலுதவி செய்கிற கடவுள் நமக்குப் பழக்கமானவர்தான், பஞ்சாயத்துகளில் பார்த்திருக்கிறோம். மருந்துச் செலவைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எழுந்துபோகிற பெரியவர்.

விருத்தாசலம் பக்கத்துக் கதை என்பதால் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இது பீங்கான் ஊர். அச்சில் களிமண் கூழை ஊற்றி, காய்ந்ததும் பிரித்து, விளிம்பைச் சீவி, ஈரத்துணியால் துடைத்து, அகல்விளக்கும் பொம்மையும் ஆக்கும் வேலையில் பெண்களின் கை நிறைய இருக்கிறது. சூளைக்குப் பொறுப்பு ஆண். விளிம்புக்குப் பொறுப்பு பெண். கூலியும் அந்த வரிசையில்தான் இறங்கும். சம வேலைக்குச் சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது, அதை ஒட்டிய வேலைப் பிரிவினை அதைவிடப் பழையது. கொலுவில் வைக்கும் சரஸ்வதியின் விரல்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறவளின் விரல் நுனி சிலிக்காத் தூளில் வெடித்திருக்கும். கைதான் இவளுடைய முதல். கலிக்கம்பரின் மனைவிக்கும் கைதான் முதல். அந்த வீட்டுத் தொண்டு முழுவதும் அந்தக் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

மண் என்றதும் தில்லைக் குயவர் நினைவுக்கு வருகிறார், திருநீலகண்ட நாயனார். அவர் வேறொரு பெண்ணிடம் போய் வந்ததை அறிந்த மனைவி, திருநீலகண்டத்தின் மேல் ஆணை, எங்களைத் தொடாதீர் என்றாள். அவள் பன்மையில் சொன்னதால் எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தொடமாட்டேன் என்று அவர் முடிவெடுத்தார். இருவரும் ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் தீண்டாமல் கிழடாகும்வரை வாழ்ந்தார்கள். இந்தக் கதையையும் அவருடைய ஒழுக்கத்தின் பெருமையாகவே சொல்கிறார்கள். கவனமாகப் பார்த்தால், கதையை நகர்த்துவது அவளுடைய ஒரு வாக்கியம். சிவனே வந்து வழக்கு நடத்தி, கையைப் பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்குங்கள் என்றபோதும், மூங்கில் கோலின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத்தான் இறங்கினார்கள். கடவுள் சொல்லியும் அவளுடைய ஆணை கலையவில்லை. அவளுக்கும் பெயர் இல்லை. ஆனால் அவளிடம் வாய் இருந்தது. பெண்ணாடத்துப் பெண்ணுக்குக் கதை அதையும் தரவில்லை.

இந்த இடத்தில் நம் தோழிகள் சிலரோடும் எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது. ஆண்களின் கதை இப்படி இருந்தால் என்ன, நம்மிடம் அம்மன்கள் இல்லையா, காளி இல்லையா, கொற்றவை இல்லையா, கண்ணகி இல்லையா என்று கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் படிக்கிற மாணவிகள் கெல்டியப் புராணங்களைக் கொண்டுவருகிறார்கள். அயர்லாந்தின் போர்த் தெய்வங்கள், வேல்ஸ் நாட்டின் குதிரையேறி வரும் ரியானன், நெருப்புக்கும் கவிதைக்கும் உரிய பிரிஜித். அங்கே பெண் எவ்வளவு சுதந்திரமாக இருந்திருக்கிறாள் பாருங்கள் என்கிறார்கள். நானும் படித்தேன். படித்ததில் எனக்குக் கிடைத்தது வேறு.

அல்ஸ்டர் நாட்டில் மாகா என்றொரு பெண். மனைவியை இழந்த ஒரு விவசாயியின் வீட்டுக்குத் தானே வந்து குடும்பம் நடத்துகிறாள். என்னைப் பற்றி வெளியே பேசாதே என்பது மட்டும்தான் அவள் நிபந்தனை. அவன் திருவிழாவுக்குப் போன இடத்தில், அரசனின் குதிரைகளைவிட என் மனைவி வேகமாக ஓடுவாள் என்று பீற்றிக்கொள்கிறான். அரசன் அவளை இழுத்துவரச் சொல்கிறான். நிறைமாதக் கர்ப்பிணி, வலி எடுத்துவிட்டது. உங்கள் ஒவ்வொருவரையும் ஒரு தாய்தானே பெற்றாள், பொறுங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கெஞ்சுகிறாள். ஒருவனும் அசையவில்லை. ஓடுகிறாள், குதிரைகளை முந்துகிறாள், எல்லைக்கோட்டில் இரட்டைக் குழந்தை பெறுகிறாள். பெற்றுவிட்டுச் சாபம் கொடுக்கிறாள்: இந்த நாட்டு ஆண்களுக்கு, மிக ஆபத்தான வேளையில், பிரசவ வலி வரட்டும், ஒன்பது தலைமுறைக்கு. அந்த இடம் இன்றும் அவள் பெயரில் இருக்கிறது. பக்கத்திலுள்ள ஆர்மா நகரின் பெயரிலும் மாகா இருக்கிறாள்.

பெண்ணின் பெயரில் ஊர், கணவனின் பெருமைக்கு மனைவியின் உடம்பு, பார்த்துக்கொண்டு நிற்கும் கூட்டம். பெண்ணாடத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ரியானன் கதை இன்னும் நெருக்கம். பிறந்த பிள்ளை இரவில் காணாமல் போகிறது. காவலிருந்த பெண்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள, நாய்க்குட்டியின் இரத்தத்தை அவள் முகத்தில் பூசி, பிள்ளையைத் தின்றாள் என்கிறார்கள். தண்டனை ஏழு ஆண்டு. கோட்டை வாசலில் உட்கார்ந்து வருகிற போகிற ஒவ்வொருவரிடமும் தன் குற்றத்தைத் தானே சொல்ல வேண்டும்; சம்மதிப்பவர்களை முதுகில் சுமந்து உள்ளே கொண்டுபோக வேண்டும். விருந்தோம்பலில் சுமை யாருடையது என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன கதை நம்மிடம்கூட இல்லை. இவற்றை எழுதிவைத்தவர்கள் மடங்களில் இருந்த ஆண்கள். இருந்தும் மாகாவின் சாபத்தை அவர்கள் வெட்டி எறியவில்லை. வலி இடம் மாற வேண்டும் என்று ஒரு பெண் கேட்டது ஏட்டில் நிற்கிறது. எனக்கு அந்தச் சாபம் போதும். தெய்வத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் தெய்வம் இருந்த நாட்டில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிஜித்தைத் துறவியாக மாற்றி அயர்லாந்து ஆயிரம் ஆண்டுக்கு மேலாக வணங்குகிறது. 2023 முதல் அவள் பெயரில் அரசு விடுமுறையும் உண்டு. அதே நாட்டில், ஒழுக்கம் தவறியவர்கள் என்று முத்திரை குத்திய பெண்களைச் சலவைக்கூடங்களில் அடைத்துக் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். கடைசிக் கூடம் மூடப்பட்டது 1996இல். 1983இல் கருவின் உயிரையும் தாயின் உயிரையும் சமமாக்கி அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2012 அக்டோபரில் கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், கால்வே நகர மருத்துவமனையில், கரு பிழைக்காது என்று தெரிந்த பிறகும் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, நஞ்சேறி இறந்தார். வயது 31. கருவின் இதயம் துடித்துக்கொண்டிருந்ததுதான் காரணம். மாகா கேட்டதும் சவிதா கேட்டதும் ஒன்றுதான்: பொறுங்கள், இது என் உடம்பு. 2018இல் பொதுவாக்கெடுப்பில் அந்தத் திருத்தத்தை நீக்கினார்கள், மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு. அதைச் செய்தது பிரிஜித் இல்லை. வீடு வீடாகப் போய்த் தங்களுக்கு நடந்ததைத் தங்கள் வாயால் சொன்ன பெண்கள் செய்தார்கள்.

நம் பக்கம் வருவோம். கண்ணகி நமக்குச் சிலையாக இருக்கிறாள். 1968இல் மெரினாவில் வைத்தோம். 2001இல் எடுத்தபோது கொதித்தோம். 2006இல் திரும்ப வைத்தபோது மகிழ்ந்தோம். அந்தக் கொதிப்பு நடந்துகொண்டிருந்த ஆண்டுகளின் நடுவே, 2003 ஜூலையில், விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகி என்று பெயருள்ள ஓர் இளம்பெண் கொல்லப்பட்டாள். தலித் இளைஞர் முருகேசனைக் காதலித்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதுதான் அவள் செய்தது. சொந்தக் குடும்பத்து ஆண்கள் இருவரையும் பிடித்துவந்து, காதிலும் மூக்கிலும் நஞ்சை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. 2021 செப்டம்பரில்தான் கடலூர் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அண்ணனுக்குத் தூக்கு, தந்தை உட்பட பன்னிரண்டு பேருக்கு ஆயுள், அந்தப் பன்னிரண்டில் இருவர் காவல்துறையினர். 2022இல் உயர்நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. கொலைக்கும் முதல் தீர்ப்புக்கும் நடுவே பதினெட்டு ஆண்டு.

மகளுக்குக் கண்ணகி என்று பெயர் வைத்த வீடு அது. பெயர் வைக்கும்போது அவர்கள் மனதில் இருந்தது மதுரையை எரித்தவளா, கணவன் செய்ததையெல்லாம் பொறுத்திருந்தவளா? மரபில் வலிமையான பெண்கள் இருக்கிறார்கள் என்ற வாதம் இந்த இடத்தில் எனக்குச் செல்லாது. எரிக்கும் கண்ணகியை நாம் கடற்கரையில் வைத்திருக்கிறோம். வீட்டுக்குள் நாம் வைத்திருப்பது கலிக்கம்பரின் வாள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். கணவன் மனைவியை அடிப்பது நியாயமாகும் சூழ்நிலைகள் என்று ஏழைச் சொல்லிக் கேட்கிறார்கள். சொல்லாமல் வெளியே போனால். வீட்டையோ பிள்ளையையோ கவனிக்காவிட்டால். எதிர்த்துப் பேசினால். உறவுக்கு மறுத்தால். ஒழுங்காகச் சமைக்காவிட்டால். நடத்தையில் சந்தேகம் வந்தால். மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால். 2019-21 ஆய்வில் நாடு முழுவதும் 45 விழுக்காடு பெண்கள் இவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்றார்கள். ஆண்கள் 44. ஆம் என்று பெண்கள் அதிகம் சொன்ன சூழ்நிலை, மாமனார் மாமியாரை மதிக்காதது. பெரியவர்களுக்கு, வந்தவர்களுக்கு, மரியாதையில் ஒரு கணம் குறைந்துவிட்டால் அடிக்கலாம். நீர் வார்க்கத் தாமதமானால் வெட்டலாம் என்பதன் வீட்டுப் பதிப்பு அது. தமிழ்நாட்டில் கணவனால் தாக்கப்பட்டதாகச் சொன்ன பெண்கள் அதே ஆய்வில் மூன்றில் ஒருவருக்கும் மேல். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கலிக்கம்பருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பது தெரியும். அவர் கதையைச் சொல்லிப் பரவசப்படும் கூட்டத்துக்குப் பொருந்தும்.

அந்தக் காலத்து அளவுகோல் வேறு என்ற பதிலை விட்டுவிட்டேன். அந்தக் காலத்துக்கும் ஓர் உதாரணம் இதே ஊரில் இருக்கிறது. அப்பர் தம் தோள்களில் சூலக்குறியும் இடபக்குறியும் வேண்டிப் பெற்றது பெண்ணாடத்துக் கோயிலில்தான். சமணத்தில் இருந்த அப்பரைத் திரும்பக் கொண்டுவந்தவர் அக்கா திலகவதியார். மணம் பேசிய கலிப்பகையார் போரில் இறந்ததும் உயிரை விடத் துணிந்தவர், தம்பிக்காக உயிர் தரித்தார். திருவதிகையில் கோயில் பெருக்கி, மெழுகி, தனியாக வாழ்ந்தார். சூலைநோயோடு வந்து விழுந்த தம்பியை அவர் கையால் திருநீறு கொடுத்து எழுப்பினார். வாளை எடுக்கவில்லை, யார் உடம்பையும் கேட்கவில்லை. அறுபத்துமூவர் பட்டியலில் திலகவதியார் இல்லை. காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என்று பெண்கள் மூன்று பேரோடு பட்டியல் முடிந்துவிட்டது. கை கொடுத்து எழுப்பியவளுக்கு இடமில்லை, கை வெட்டியவருக்கு உண்டு. இந்தத் தேர்வு அந்தக் காலத்தில் நடந்தது. ஒவ்வொரு தை ரேவதியிலும் அதைப் புதுப்பித்துக்கொண்டிருப்பது இந்தக் காலம்.

பெரியபுராணத்தை எரிக்கச் சொல்லவில்லை, பாடத்திலிருந்து எடுக்கவும் சொல்லவில்லை. தமிழ் இலக்கிய வகுப்புகளில் நடத்துங்கள், இன்னும் அதிகமாக நடத்துங்கள். வினாத்தாளை மட்டும் மாற்றலாம். கலிக்கம்ப நாயனாரின் தொண்டின் திறத்தை விளக்குக என்று எத்தனை ஆண்டு கேட்பது? இந்தப் புத்தகத்தைப் படிக்கும் மாணவிகளில் சிலர் நாளை ஆசிரியர்கள் ஆவீர்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு மதிப்பெண்: கரகத்தைப் பிடித்திருந்தவரின் பெயர் யாது? பெயர் கிடைக்காவிடில் காரணம் தருக.

ஐந்து மதிப்பெண்: கண்ணப்பர், கலிக்கம்பர் இருவரும் கொடுத்தவை யாருடையவை? ஒப்பிடுக.

பத்து மதிப்பெண்: அன்று அந்த வீட்டில் சமைத்தது யார், பரிமாறியது யார், இரத்தத்தைத் துடைத்தது யார்? வேலைக்காரனாக இருந்து அடியாராக வந்தவரின் வாயிலிருந்து இந்தக் கதையை எழுதுக. அவர் ஏன் அந்த வீட்டு வேலையை விட்டுப் போனார் என்பதையும் சேர்த்து.